சாயம் விடும் துணி

உட்காருங்கள், அன்னெக்ரெட்.
விலை பிறகு.
முதலில் அந்தக் கால்சட்டையைப் பேசி முடிப்போம்.

பதினோரு பைகள்.
நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் எண்ணிவிட்டேன்.
முழங்காலில் ஒரு ஜிப் வேறு.
வெயில் புகாது என்று சீட்டில் போட்டிருக்கிறதா?
சரி, புகாது.
ஏற்கெனவே உள்ளே இருக்கிற வெயில்
எந்த வழியாக வெளியே போகும்?

இது அதார். இது ஜூலை.
பேரீச்சை பழுக்கும் மாதம் என்று
தலைநகரில் கடல்காற்று வாங்கியவர்களெல்லாம்
மெத்தையும் பிள்ளைகளுமாக வந்து இறங்குகிறார்கள்.
பழத்துக்கு வேண்டிய சூடு
மனிதருக்குக் கொஞ்சம் அதிகம்.
நேற்று மருந்துக்கடை வெப்பமானி
நாற்பத்தேழில் நின்றது.
அதற்கு மேலும் எண்கள் உண்டு,
நின்று பார்க்கத்தான் ஆளில்லை.

அதோ லாரிக்காரன் புல்லாஹி போகிறான்.
அவன் அங்கிக்குள் இன்னொரு குடும்பம் வாடகைக்கு இருக்கலாம்.
கைப்பகுதியை மடித்துத் தோளில் ஏற்றுகிறான்,
சரிகிறது,
மறுபடி ஏற்றுகிறான்.
நாளெல்லாம் அதே வேலை.
பந்தா என்று நினைக்காதீர்கள்
(கொஞ்சம் பந்தாவும்தான்).
ஒவ்வொரு தடவையும் ஒரு வாளி காற்று
உள்ளே இறங்கி ஏறுகிறது.
கிணறு அளக்க வந்தவர் நீங்கள்,
உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா.

எழுந்து நில்லுங்கள்.
நாலரை மீட்டர், ஒரு தையல்கூட இல்லை.
இந்தத் தோளில் முடிச்சு. அந்தத் தோளில் முடிச்சு.
சுற்றுங்கள்.
துணியை அல்ல, நீங்கள் சுற்றுங்கள்.
மிச்சம் தலைக்கு.
நழுவும்.
எங்களுக்கும் நழுவுகிறது,
அதற்குத்தான் ஒரு கை கொடுத்திருக்கிறான் ஆண்டவன்.
உள்ளே என்ன என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.
எனக்குள்ளே இருப்பது கணவனின் கால்பந்துச் சட்டை,
எட்டாம் எண்.
அவன் கடைசியாக கோல் போட்டது கல்யாணத்துக்கு முன்பு.

வெள்ளையா?
மணல் செய்ததையெல்லாம் கணக்கெழுதி வைக்கும்.
இந்த நீலத்தைத் தொடுங்கள்.
இப்போது விரலைப் பாருங்கள்.
ஆமாம், விடும். சாயம் விடத்தான் செய்யும்.
அது தோலில் இறங்கிவிட்டால்
காற்று தோலை உரிக்காது என்பார்கள்.
ஆய்வகத்தில் என்ன சொல்வார்களோ,
எனக்குத் தெரிந்த ஒரே ஆய்வகம் என் முழங்கை.

சாயம் போகாதது கேட்கிறீர்கள்.
மேல்தட்டில் இருக்கிறது, சீனத்துப் பிஸ்தாப் பச்சை.
கல்லூரிப் பெண்கள் எடுப்பது.
என் மகள் தெஸ்லமும் அதுதான் கட்டுகிறாள்.
"அம்மா, உன் கழுத்தில் பேனா உடைந்திருக்கிறது" என்று
தினமும் ஒருமுறை சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

நீங்கள் பச்சையைத்தான் வாங்கினீர்கள்.
கிழக்கே போன ஐந்தாம் நாள் அந்தக் காற்று எழுந்தது.
ஆறாம் நாள்
கடை வாசலில் உரிந்த மூக்கும் வெடித்த உதடுமாக யாரோ நின்றார்கள்.
குரல் கேட்டுத்தான் அடையாளம் தெரிந்தது.
நீலத்தைக் காட்டினீர்கள்.
விலை சொன்னேன்.
பேரம் பேசவே இல்லை.
அதில் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தம்:
பாதிக்கு வந்திருப்பேன்.

செப்டம்பரில் உங்கள் படம் வந்தது.
ராஸ்டாக்கில் ஜன்னலுக்கு வெளியே மழை.
சாம்பல் நிற ஸ்வெட்டரின் கையை ஏற்றி
முழங்கையைக் காட்டியிருக்கிறீர்கள்.
சோப்பு தோற்ற இடம்.
எத்தனை நாளில் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.
எனக்கு எப்படித் தெரியும்?
நான் ஒருநாளும் காத்திருந்து பார்த்ததில்லை.

நீங்கள் விட்டுப்போன கால்சட்டை இங்கேதான் இருக்கிறது.
இருந்தது.
துடைக்கும் துணியாக்கலாம் என்று தேடினால் காணோம்.
இப்போதெல்லாம் தெஸ்லம்
கைப்பை இல்லாமல் கல்லூரிக்குப் போகிறாள்.
போன், சார்ஜர், சாவி, பேருந்துக் காசு,
எங்கே வைத்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை.
பிஸ்தாப் பச்சை நழுவாமல் ஒழுங்காக நடக்கிறது.
படியிறங்கும்போது மட்டும்
முழங்கால் பக்கம்
சின்னதாக ஒரு ஜிப் சத்தம்.